ஃபோர்மட் செய்ய முன்: பழுதான வட்டிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி

பென் டிரைவையோ வெளி ஹாட் டிஸ்க்கையோ செருகியதும் "இந்த வட்டைப் பயன்படுத்த முதலில் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் "கான்சல்" கொடுங்கள். பிறகு அதைக் கழற்றி மேசையில் வையுங்கள். மீட்பு வேலையில் பாதி அத்தோடு முடிந்துவிடும். மிச்சப் பாதியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். கொம்பியூட்டரில் டைப் பண்ணவும் கொப்பி எடுக்கவும் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

வன்னியில் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2008, 2009 இடப்பெயர்வில் அல்பங்களும் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வழி நெடுகத் தொலைந்தன. சொப்பிங் பையில் சுற்றிக் காப்பாற்றிய நாலைந்து படங்களைப் பின்னர் கொமினிக்கேஷன் கடையில் ஸ்கான் செய்து பென் டிரைவில் வாங்கி வைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஈரம் பட்ட கடதாசிப் படம் இன்று வெளிறிப் போயிருக்கும். முகம் தெளிவாகத் தெரிவது அந்த பென்னில் உள்ள பிரதியில்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடன் கணக்கு, கோயில் கும்பாபிஷேக மலருக்கு டைப் செய்த பக்கங்கள், பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோ என்று பலதும் இப்படி ஒரே ஒரு இடத்தில்தான் கிடக்கின்றன. இன்னொரு பிரதி இல்லாத வட்டில் கை வைக்கிறோம் என்ற நினைப்போடுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எது போனது, எது போகவில்லை

வட்டில் உங்கள் படங்கள், கணக்குகள் எல்லாம் ஒரு பக்கம் இருக்கின்றன. எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, அதன் பெயர் என்ன, அளவு என்ன என்ற குறிப்புகள் இன்னொரு பக்கம் இருக்கின்றன. இந்தக் குறிப்புகளின் ஒழுங்கைத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறோம். பென் டிரைவில் பெரும்பாலும் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட், விண்டோஸ் கொம்பியூட்டரில் என்டிஎஃப்எஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கொம்பியூட்டரை இயக்கும் லினக்ஸில் எக்ஸ்ட்4.

காணிக் கந்தோரில் பதிவேடு எரிந்துபோனால் காணி எங்கும் போய்விடாது. வரம்பும் பனையும் கிணறும் அப்படியே கிடக்கும். எது யாருடையது என்று சொல்லத்தான் ஆளில்லை. ஃபைல் சிஸ்டம் பழுதாவதும் இதுதான். விரைவு ஃபோர்மட் என்பது பழைய பதிவேட்டை எறிந்துவிட்டு வெறும் பதிவேடு ஒன்றைத் திறப்பது. அப்போதும் காணி மிஞ்சும். ஆனால் புதுப் பதிவேட்டை நம்பி இன்னொருவர் வந்து அதே நிலத்தில் வீடு கட்டிவிட்டால், பழையது திரும்பாது. பழுதான வட்டில் நீங்கள் புதிதாக எதை எழுதினாலும் அது அந்தப் புது வீடுதான்.

விரைவு ஃபோர்மட் செய்துவிட்டவர்களும் இதனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முழு ஃபோர்மட் வேறு கதை: விண்டோஸ் விஸ்டாவிலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் அது வட்டு முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பிவிடும். அதற்குப் பிறகு மீட்க எதுவும் இருக்காது.

"பிரச்சினை இருக்கிறது, ஸ்கான் செய்து திருத்தவா?" என்றும் விண்டோஸ் கேட்கும். செக் டிஸ்க் என்ற கருவியின் வேலை அது. அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தப் பார்க்குமே தவிர உங்கள் கோப்புகளைக் காப்பாற்றப் பார்க்காது. கணக்குக்குச் சரிவராத குறிப்புகளை வெட்டிவிடும். உரிமை கோர ஆளில்லாத துண்டுகளை ஃபவுண்ட் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில் இலக்கப் பெயர்களோடு கொட்டிவிடும். பிரதி எடுத்த பிறகு செய்தால் பரவாயில்லை. அதற்கு முன் வேண்டாம். ரிப்பெயார் கடைகளில் பலர் இதைத்தான் முதல் வைத்தியமாகச் செய்கிறார்கள். கொடுக்கும்போதே "பிரதி எடுக்காமல் ஸ்கான் போட வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள்.

கொம்பியூட்டருக்கு உள்ளே இருக்கும் டிஸ்க் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. கரண்ட் போய் வந்ததும் விண்டோஸ் தானாகவே இந்த ஸ்கானைத் தொடங்கப் பார்க்கும். கறுப்புத் திரையில் சில விநாடிகள் எண்ணிக்கை இறங்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் நிற்கும். நிறுத்திவிட்டு கொம்பியூட்டரை அணைத்து வையுங்கள்.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

எல்லாப் பழுதும் ஃபைல் சிஸ்டப் பழுது அல்ல. சில வேளை வேலை மிகச் சுலபமாக முடிந்துவிடும்.

வெளி ஹாட் டிஸ்க்குகளுக்கு வரும் பட்டையான வாய் உள்ள யூஎஸ்பி வயர் சீக்கிரம் இளகும். கொஞ்சம் அசைந்தாலே தொடர்பு விட்டுப்போய், வட்டு பழுது போலக் காட்டும். வேறு வயர், வேறு யூஎஸ்பி துளை, முடிந்தால் வேறு கொம்பியூட்டர் என்று ஒரு தரம் மாற்றிப் பாருங்கள். மேசைக் கொம்பியூட்டரானால் பின்பக்கத் துளை நல்லது.

ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸின் வேலை. பொதுக் கொம்பியூட்டர்களில் பென்னைக் குத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும், மறைத்துவைக்கப்பட்டிருக்கும். அந்த ஷோர்ட்கட்டை அழுத்தாதீர்கள். லினக்ஸ் உள்ள கொம்பியூட்டரில் செருகி, கோப்பு மேலாளரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் எல்லாம் தெரியும். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமாகக் கிடப்பதும் உண்டு. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கொப்பி எடுங்கள், இயங்கும் நிரல்களை விட்டுவிடுங்கள்.

மலிவாக வாங்கிய 1 டிபி பென் டிரைவ் என்றால் அது போலியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபிதான். வெளியே பெரிதாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். உண்மையான கொள்ளளவுக்கு மேல் போட்டவை எழுதப்படவே இல்லை அல்லது பழையவற்றின் மேல் எழுதப்பட்டுவிட்டன. பெயர் தெரியும், திறக்காது. அவற்றை எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது. முதலில் போட்டவை சில வேளை மிஞ்சியிருக்கும்.

புதிய விண்டோஸ் லப்டொப்பில் டிஸ்க், விண்டோஸின் பூட்டுக் கருவியான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எதுவும் நடக்காது. லப்டொப்பில் இணைத்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்தச் சாவி வழமையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் "உள் சேமிப்பாக" மாற்றிப் போட்ட மெமரி காட்டும் இப்படித்தான்: அந்த ஃபோனுக்கு வெளியே அது வாசிக்கப்படாது.

கடைசியாக, ஹாட் டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேளுங்கள். டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். உள்ளே வாசிப்பு முனை பழுதாகியிருக்கிறது. ஓட ஓடத் தகட்டைச் சுரண்டும். அதை வீட்டில் திறக்கக்கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது. தூசி இல்லாத அறையும் உதிரிப் பாகங்களும் உள்ள மீட்பு நிறுவனங்களுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொழும்புக்குப் போக வேண்டிவரும், செலவும் அதிகம். உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்று குடும்பமாக இருந்து முடிவெடுங்கள். முடிவெடுக்கும் வரை டிஸ்க்கைச் சும்மா வைத்திருப்பதால் ஒன்றும் கெடாது.

கருவிகளைத் தொட முன் ஃபோனை எடுங்கள்

இந்தப் படியைப் பலர் நினைப்பதே இல்லை. நம் குடும்பங்கள் கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன் என்று பரந்து கிடக்கின்றன. ஸ்கான் செய்த அன்றே அந்தப் படத்தை வைபரிலோ வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு சித்திக்கோ மாமாவுக்கோ அனுப்பியிருப்பீர்கள். வட்ஸ்அப்பில் போனது அளவு குறைந்திருக்கும், ஆனாலும் முகம் இருக்கும். மின்னஞ்சலில் இணைத்தது முழு அளவில் அப்படியே கிடக்கும். கலியாண வீட்டுப் படமானால் ஸ்டூடியோக்காரரிடம் கேளுங்கள். அண்மையில் ஸ்கான் செய்ததென்றால் அந்தக் கடைக் கொம்பியூட்டரின் ஸ்கான் ஃபோல்டரில் இன்னும் இருக்கலாம். எது கிடைத்தது என்று குறித்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதும் குறையும்.

தேவையானவை

பழுதான வட்டைவிடப் பெரிய, நல்ல ஹாட் டிஸ்க் ஒன்று. இது கட்டாயம். 500 ஜிபி பழுதானால் குறைந்தது 1 டிபி வைத்திருங்கள், ஏனென்றால் பிரதியும் அதிலிருந்து எடுக்கும் கோப்புகளும் இரண்டும் அதில் போக வேண்டும். வாங்க வசதி இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். அந்த நல்ல டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் இருக்க வேண்டும். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. பிரதி பாதியில் நிற்கும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் வேண்டும். வேறொரு நல்ல கொம்பியூட்டரில் லினக்ஸ் மின்ட்டைத் தரவிறக்குங்கள். 3 ஜிபிக்குக் கிட்ட வரும், இலவசம். ரூஃபஸ் என்ற சிறு நிரலால் அதை பென்னில் ஏற்றுங்கள். ஏற்றும்போது அந்த பென்னில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் வெறும் பென்னாகப் பாருங்கள். பழுதான பென்னை மாறிச் செருகிவிடாதபடி அதை வேறு அறையில் வைத்துவிடுவது உத்தமம்.

அடுத்தது கரண்ட். ஃபைல் சிஸ்டம் கெடுவதற்கு முதல் காரணமே எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நிற்பதுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். இப்போது அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழைக்கு லைன் போய்வரும். எனவே பற்றரி நன்றாக உள்ள லப்டொப்பில் செய்யுங்கள். வானம் இருட்டியிருக்கும் நாளில் தொடங்க வேண்டாம். யூஎஸ்பி 3 துளையில் 1 டிபி ஹாட் டிஸ்க்கைப் பிரதி எடுக்க, விநாடிக்கு 100 எம்பி வீதம் போனால் 3 மணி நேரம் பிடிக்கும். பழைய யூஎஸ்பி 2 என்றால் 9, 10 மணி நேரம் எடுக்கும். இரவு முழுக்க ஓடவிட வேண்டியதுதான். 32 ஜிபி பென் டிரைவ் அரை மணித்தியாலத்தில் முடியும்.

பிரதி எடுத்தல்

முழு வேலையின் இதயம் இந்தப் படி. கோப்புகளைக் கொப்பி பண்ணுவது வேறு, வட்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அச்சொட்டாக ஒரு பெரிய கோப்பாக எடுப்பது வேறு. அந்தப் பெரிய கோப்பை இமேஜ் என்பார்கள். அதை எடுத்துவிட்டால் பிறகு எத்தனை தரம் பிழைவிட்டாலும் மூல வட்டுக்கு ஒன்றும் ஆகாது.

லப்டொப்பை அணைத்து, மின்ட் உள்ள பென்னைச் செருகி, இயக்கும்போதே பூட் மெனு விசையை அழுத்துங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப் 12, எச்பி என்றால் எஃப் 9. பட்டியலில் யூஎஸ்பியைத் தெரிவு செய்தால் மின்ட் திறக்கும். திரையில் இருக்கும் "இன்ஸ்டோல்" என்பதைத் தொடாதீர்கள். நமக்கு அது நிறுவாமலே இயங்கினால் போதும்.

இப்போது கோப்பு மேலாளரைத் திறந்து அதன் விருப்பங்களில், வெளி வட்டுகளைத் தானாகத் திறக்கும் தெரிவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பழுதான வட்டைச் செருகியதும் லினக்ஸ் அதைத் திறந்து சில குறிப்புகளை எழுதிவிடக்கூடும். மெமரி காட் என்றால், அதைப் போடும் பெரிய அடப்டரின் இடப்பக்க ஓரத்தில் ஒரு சின்ன நழுவி இருக்கும்; நகத்தால் அதை "லொக்" பக்கம் இழுத்துவிட்டுச் செருகுங்கள்.

முதலில் நல்ல டிஸ்க்கைச் செருகித் திறந்து வையுங்கள். அப்புறம் பழுதானதைச் செருகி, மெனுவில் "டிஸ்க்ஸ்" என்ற கருவியைத் திறவுங்கள். இடப்பக்கம் வட்டுகள் வரிசையாகத் தெரியும். கொள்ளளவையும் தயாரிப்பாளர் பெயரையும் பார்த்து எது எது என்று உறுதிப்படுத்துங்கள். இரண்டும் ஒரே கம்பனி, ஒரே கொள்ளளவு என்றால் தொடர் இலக்கத்தைப் பாருங்கள், அதுவும் அங்கே எழுதியிருக்கும். பழுதான வட்டைத் தெரிவுசெய்து, மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளி மெனுவில், வட்டின் உடல்நிலையைச் சொல்லும் "ஸ்மார்ட் டேட்டா" என்பதைப் பாருங்கள். "பெண்டிங் செக்டர்" என்ற வரியில் பூச்சியத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் வட்டின் சில இடங்கள் வாசிக்க மறுக்கின்றன என்று பொருள். பென் டிரைவில் இந்த வசதி இருக்காது.

அதே மூன்று புள்ளி மெனுவில் "கிரியேட் டிஸ்க் இமேஜ்" என்று ஒன்று உண்டு. அதன் கீழேயே "ரிஸ்டோர் டிஸ்க் இமேஜ்" என்பதும் இருக்கும். இரண்டையும் மாறி அழுத்தினால் கதை முடிந்தது: முதலாவது வட்டை வாசிக்கும், இரண்டாவது வட்டின் மேல் எழுதும். முதலாவதை அழுத்தி, சேமிக்கும் இடமாக நல்ல டிஸ்க்கைக் காட்டி, விளங்கும் பெயர் ஒன்றைக் கொடுத்துத் தொடங்குங்கள். முடிந்ததும், வாசிக்க முடியாமல் விட்ட பகுதி ஏதும் இருந்தால் எவ்வளவு என்று சொல்லும். அந்த இடங்களைப் பூச்சியத்தால் நிரப்பியிருக்கும்.

ஸ்மார்ட்டில் கெட்ட செக்டர்கள் காட்டினாலோ, பிரதி ஓர் இடத்தில் நின்று திணறினாலோ, நிறுத்திவிட்டு டிடிரெஸ்கியூ என்ற கருவிக்குப் போங்கள். கெட்ட இடத்தில் மினக்கெடாமல் தாண்டிப்போய் நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும்; பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சிறிது சிறிதாக முயலும். எதை எடுத்தது, எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை: கரண்ட் போய் எல்லாம் அணைந்தாலும், மறுநாள் அதே கட்டளையை அதே கோப்புப் பெயர்களோடு கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வரைபடக் கோப்பு நல்ல டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். மின்ட்டின் தற்காலிக ஃபோல்டரில் வைத்தால் அணைந்ததும் அழிந்துவிடும். டிடிரெஸ்கியூ, டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் தட்டச்சிட்டு இயக்கும் கருவி. முதலில் பழுதான வட்டு, அடுத்து இமேஜ், கடைசியில் வரைபடக் கோப்பு என்ற வரிசை மாறவே கூடாது. டெர்மினல் பழக்கம் இல்லை என்றால் இந்த ஒரு படிக்கு மட்டும் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஊரில் பள்ளிக்கூடத்து ஐசிரி ஆசிரியரோ, அறிவியல் நகர் வளாகத்தில் படிக்கும் பிள்ளையோ கட்டாயம் இருப்பார்.

பிரதி முடிந்ததும் பழுதான வட்டைக் கழற்றி, ஒரு உறையில் போட்டு, "தொட வேண்டாம்" என்று எழுதி அலுமாரியில் வையுங்கள். இனி அது தேவைப்படாது என்று நம்புவோம்.

இமேஜிலிருந்து எடுத்தல்

சுலபமான வழியை முதலில் பாருங்கள். டிஸ்க்ஸ் கருவியில் "அட்டாச் டிஸ்க் இமேஜ்" கொடுத்து, படிக்க மட்டும் என்ற குறியை வைத்தபடி இமேஜைத் திறவுங்கள். விண்டோஸ் திறக்க மறுத்த என்டிஎஃப்எஸ் வட்டை லினக்ஸ் பேசாமல் திறந்துவிடுவது உண்டு. கோப்புகள் தெரிந்தால் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அலுவல் முடிந்தது.

திறக்காவிட்டால் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவசக் கருவி. ஃபோட்டோரெக் என்ற அதன் துணைக் கருவியும் அதே பொதியில் வரும். இனி இமேஜோடுதான் வேலை என்பதால் விண்டோஸிலேயே செய்யலாம். பொதியை விரித்து, இமேஜ் கோப்பை மவுஸால் இழுத்து டெஸ்ட்டிஸ்க் நிரலின் மேல் போடுங்கள். கறுப்புத் திரையில் பழைய காலத்து எழுத்துகளோடு திறக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அம்பு விசையும் என்டரும் போதும். அது ஊகித்துச் சொல்லும் வட்டு வகையை ஏற்று, "அனலைஸ்", பிறகு "குவிக் சேர்ச்" கொடுங்கள். பகுதி கிடைத்தால் வரிசையாகக் காட்டும். அதன் மேல் நின்று பி விசையை அழுத்தினால் உங்கள் ஃபோல்டர்கள் பழைய பெயர்களோடு வந்து நிற்கும். ஏ விசை எல்லாவற்றையும் தெரிவுசெய்யும், பெரிய சி கொப்பி எடுக்கும். எங்கே வைப்பது என்று கேட்கும்போது நல்ல டிஸ்க்கில் புதிதாகத் திறந்த ஒரு ஃபோல்டரைக் காட்டி மறுபடி சி. "ரைட்" என்ற தெரிவு திரையில் வரும், அதைத் தொடத் தேவையில்லை.

டெஸ்ட்டிஸ்க் வெற்றி பெற்றால் பெயர், திகதி, ஃபோல்டர் ஒழுங்கு எல்லாம் திரும்பக் கிடைக்கும். அதனால் இதில் இரண்டு, மூன்று விதமாக முயன்று பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். நேரே ஃபோட்டோரெக்குக்குத் தாவுகிறவர்கள் நாள்கணக்கில் பெயரில்லாக் கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருக்க நேரும்.

ஃபோட்டோரெக் குறிப்புகளைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய சில பைட்டுகளோடு தொடங்கும். ஜேபெக் படத்துக்கு ஒரு தொடக்கம், பிடிஎஃப்புக்கு ஒரு தொடக்கம். அதைத் தேடி வட்டு முழுக்கத் தடவி எடுக்கும். சாளரத்தோடு வரும் கியூஃபோட்டோரெக் புதியவர்களுக்கு நல்லது. மேலே இமேஜ் கோப்பைச் சேருங்கள், ஃபைல் சிஸ்ட வகையில் ஃபாட், என்டிஎஃப்எஸ் உள்ள வரியைத் தெரிவுசெய்யுங்கள், "ஹோல்" என்பதில் குறி வையுங்கள், சேமிக்கும் இடத்தைக் காட்டுங்கள். "ஃபைல் ஃபோர்மட்ஸ்" பொத்தானில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தேவையான ஜேபெக், பிடிஎஃப், ஒபிஸ் ஆவணங்கள், வீடியோ வகை மட்டும் வைத்தால் குப்பை குறையும்.

துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்புகளை இந்த முறை ஒழுங்காக இணைக்காது. படங்கள் சிறியவை என்பதால் பெரும்பாலும் முழுதாக வரும். நீண்ட வீடியோக்கள் உடைந்து வருவதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

சுழலும் தகடு இல்லாத புதுவகை வட்டான எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் அழித்த அல்லது விரைவு ஃபோர்மட் செய்த இடத்தை ட்ரிம் என்ற வசதி வெறுமையாக்கிவிடும். அழிக்காமல் ஃபைல் சிஸ்டம் மட்டும் கெட்டிருந்தால் மேலே சொன்னவை வேலை செய்யும்.

கிடைத்ததைப் பிரித்தல்

ஃபோட்டோரெக் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 500 வரை கோப்புகளை இலக்கப் பெயரோடு போட்டு வைக்கும். அளவுப்படி வரிசைப்படுத்துங்கள். 50 கேபிக்குக் கீழ்ப்பட்ட படங்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்து வந்த சின்னச் சின்ன ஐகன்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். டி எழுத்தில் தொடங்கும் ஜேபெக் கோப்புகள், கமெராவில் எடுத்த படத்துக்குள் பதிந்திருக்கும் சிறு முன்னோட்டப் படங்கள். பெரிய படம் பாதிக்குக் கீழ் சாம்பல் நிறமாக வந்திருந்தால் இந்தச் சின்னதில் முழுக் காட்சியும் இருக்கக்கூடும். முத்திரை அளவுதான், ஆனாலும் வேறெங்கும் இல்லாத ஒரு முகம் அதில் இருந்தால் அதுவே பெரிது. கமெராப் படங்களுக்குள் எடுத்த திகதியும் பதிந்திருக்கும் என்பதால் அந்தத் திகதிப்படி அடுக்கினால் திருவிழா ஒரு பக்கம், கலியாணம் ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்துவரும்.

ஆவணங்களில் ஒரு விடயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். இங்கே பழைய கடிதங்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் டைப் செய்தவை. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அவற்றைத் திறந்தால் இடையிடையே அரைப்புள்ளி விழுந்த ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். புதியவர்கள் அதைப் பார்த்து "கோப்பு பழுதாகிவிட்டது" என்று அழித்துவிடுகிறார்கள். அரைப்புள்ளிகள் அடிக்கடி வந்தால் அது பழுதல்ல, தமிழ்; மெய்யெழுத்தின் குற்று அங்கே அரைப்புள்ளியாகத் தெரிகிறது. பாமினியை நிறுவினால் சரியாக வரும். அப்படியே யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதி வைத்துவிடுங்கள், அடுத்த தலைமுறைக்குப் பாமினி கிடைக்குமோ தெரியாது. வேர்ட், எக்ஸல் கோப்புகள் சில வேளை சிப் கோப்பாக வந்து நிற்கும். பெயரின் ஈற்றை மாற்றி லிப்ரே ஒபிஸில் திறந்து பாருங்கள்.

இந்த வேலையைக் கடையில் கொடுத்துச் செய்விப்பதானால், அந்த வட்டில் அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கிப் புத்தகமும் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களும் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். அறிமுகமானவரிடம் கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் இருந்து செய்வியுங்கள், முடிந்ததும் கடைக் கொம்பியூட்டரில் உள்ள பிரதியை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் கைக்கு வந்த பிறகு

மீட்ட கோப்புகளில் முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவதை மட்டும் வைத்து நம்பக்கூடாது. பிறகு இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு வட்டில் போட்டு, வேறொரு வீட்டில் வையுங்கள். அக்கா புதுக்குடியிருப்பிலும் நீங்கள் வவுனியாவிலும் இருந்தால் அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. வெளிநாட்டு உறவுகளுக்கும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். கோயில் மலர், பாடசாலை மலர், ஊர்ச் சஞ்சிகை என்று பொதுவான ஏதாவது மீண்டிருந்தால் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துப் பேணுகிறவர்கள் அவர்கள்.

பழுதான வட்டைப் பொறுத்தவரை, கெட்ட செக்டர் காட்டிய ஹாட் டிஸ்க்கில் மறுபடி எதையும் நம்பிப் போடாதீர்கள். கரண்ட் போனதாலோ இடையில் கழற்றியதாலோ மட்டும் கெட்டதென்றால், இப்போது தாராளமாக ஃபோர்மட் செய்து பாவிக்கலாம்.

இமேஜ் கோப்பை மட்டும் உடனே அழிக்க வேண்டாம். அது பிடிக்கும் இடத்தைப் பார்த்து அழிக்கத் தோன்றும். ஆனால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்த சில மாதங்களுக்குப் பிறகு அம்மா வந்து "அதுக்குள்ள ஐயாவின்ர மரணச் சான்றிதழும் ஸ்கான் பண்ணி வச்சிருந்ததல்லோ" என்று கேட்பார். அப்போது ஃபோட்டோரெக்கை இன்னொரு தரம், முன்பு விட்ட கோப்பு வகைகளையும் சேர்த்து, அந்த இமேஜின் மேல் ஓடவிடலாம்.